எடுபடாத பக்கம்

மற்றவர்கள் பேசுவதற்குப் பக்கம் போட்டுக் கொடுப்பது
என் பிழைப்பு.
தாலினில், டிராம் திரும்பும் முனையில்,
பல் மருத்துவருக்கு மேல்மாடியில் அலுவலகம்.
படியேறி வரும் முகங்களில்
யார் எந்தத் தளத்துக்கு என்று சொல்ல முடியாது.

லீவி வந்தபோது பூட்ஸில் பனி.
கையில் முப்பத்தொரு பக்கம்,
அத்தனையும் அட்டவணை, எறும்பு எழுத்து.
தீவுக்குப் போகும் குளிர்காலப் படகை
நிறுத்தப்போகிறார்களாம்.
வியாழக்கிழமை அமைச்சகத்தில் பதினைந்து நிமிடம்.
“பதினைந்தா?” என்றேன்.
“கேள்விகளோடு சேர்த்து.”

வெட்டத் தொடங்கினேன்.
டீசல் விலை போயிற்று.
மக்கள்தொகை வரைபடம், கீழே சரிகிற கோடு,
அதைக் காட்டி யாரிடம் படகு கேட்பது, போயிற்று.
பழைய கப்பல்தலைவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம்
போயிற்று.
முதலில் ஒரே ஒரு எண் வைத்தேன்:
நூற்று நாற்பத்தாறு.
குளிர்காலம் முழுக்கத் தீவில் தங்குகிறவர்கள்.
“இதைக் காட்டிவிட்டு, மூன்று எண்ணும்வரை பேசாதீர்கள்.”
உதடு அசைய எண்ணிப் பார்த்தாள்.
“நீளமாக இருக்கிறதே.”
“உங்களுக்கு. அவர்களுக்கு அது ஒரு இருமல்.”

மிஞ்சிய ஒன்பதில்
ஒன்றில் சிக்கிக்கொண்டோம்:
சென்ற குளிரில் படகு ஓடாத பதினேழு நாட்கள்.
தேதி, காற்று, காரணம்,
பதிவேட்டையே படமெடுத்து ஒட்டியிருந்தாள்.
“வேண்டாம். எதிராளிக்கு நாமே கத்தி கொடுப்பது.”
“ஓடவில்லைதானே?”
“ஓடிய நாட்களைச் சொல்லுங்கள்.”
“ஓடாததை மறைத்தால்
ஓடியதை யார் நம்புவார்?”
என் தொழிலில் இதற்குப் பதில் இருக்கிறது.
அன்று நாக்குக்கு வரவில்லை.
எடுபடாது, என்றேன்.
நான் அடிக்கடி சொல்கிற சொல்.
அதற்குத்தான் பணம் தருகிறார்கள்.

வியாழன். ஈரக் கம்பளி வாசனை.
நீள மேசையில் ஏழு பேர்,
ஏழு சோடாப் புட்டி, ஒன்றும் திறக்கவில்லை.
நான் சுவரோரம், ரிமோட்டுக்கு உதிரி பேட்டரியோடு.
நூற்று நாற்பத்தாறு திரையில் விழுந்தது.
ஒன்று.
இரண்டு.
இரண்டிலேயே பேசிவிட்டாள்.
கைகளை எங்கே வைப்பதென்று அரைமணி நேரம் ஒத்திகை;
கைகள் அதை மறந்து
மேசை விளிம்பைப் பிடித்தன, ஆடும் படகில் பிடிப்பதுபோல.
நாலாம் பக்கத்தில், எல்லோரும் நிமிர்வார்கள் என்று
நான் குறித்திருந்த இடத்தில்,
யாரும் நிமிரவில்லை.
துணைச் செயலர் ஹெய்னார்
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

பதினேழு நாட்கள் வந்தது.
மூடி நின்றது.
நெற்றியிலிருந்து கண்ணாடி இறங்கியது.
“பிப்ரவரி ஒன்பது. காற்று நொடிக்கு வெறும் ஆறு மீட்டர்.
ஏன் ஓடவில்லை?”

ஒத்திகையில் இல்லாத கேள்வி.
லீவி திரும்பித் திரையைப் பார்த்தாள்.
“தெரியவில்லை” என்றாள்.
“அன்று எனக்குக் காய்ச்சல். மெஹிஸ் எழுதினான்.
அந்த வரி மட்டும் சாய்ந்திருக்கும், பாருங்கள்.
கேட்டுச் சொல்கிறேன்.”

ஏழு பேரும்
சாய்ந்த வரியைப் பார்க்க முன்னால் குனிந்தார்கள்.
கணக்குப் பிரிவு அம்மாள் புட்டியைத் திறந்தார்,
வாயு சீறும் சத்தம்.
மூன்று எண்ணினேன். ஆறு. ஒன்பது.
என்னுடைய எந்தப் பக்கத்துக்கும்
ஒரு அறை இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.
பிறகு கேள்விகள்,
பதினைந்து நிமிடம் நாற்பதாயிற்று:
பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, கடல் எந்த மாதம் உறையும்,
யார் இந்த மெஹிஸ்.

படகு கிடைத்ததா என்று கேட்பீர்கள்.
வாரத்துக்கு மூன்று நாள்.
ஏப்ரலில் மறுபடி பேசலாமாம்.
என் விளம்பரத்தில் வெற்றி என்று போட்டுக்கொள்ளலாமா
என்று கேட்டேன்.
“மூன்று நாள் என்று போடுங்கள்” என்றாள்.

பிப்ரவரி ஒன்பதின் காரணம்
பத்து நாள் கழித்து அஞ்சலட்டையில் வந்தது.
ஹெய்னாருக்கு ஒன்று, நகல் எனக்கு:
மெஹிஸ் படகின் சாவியைத் தொலைத்துவிட்டான்.
சாயங்காலம்
நாயின் படுக்கையில் கிடைத்ததாம்.

நேற்று ஒரு வங்கிக்காரர் வந்தார், அறுபது பக்கத்தோடு.
பழக்கத்தில்
நடுவிலிருந்து நஷ்டக் கணக்கை உருவினேன்.
அவர் போய்விட்டார்.
டிராம் இரண்டு முறை திரும்பிவிட்டது.
உருவிய தாள் இன்னும் கையில் இருக்கிறது.